3 வருசமா, 27 வருசமா?

போன எபிசோட்டில் பிக்கப் ட்ரக் பற்றிக் கதைச்ச பிறகு வந்த மெசேஜ் எல்லாத்திலயும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: "அண்ணா, ஹைபிரிட் எடுக்கிறதா, சாதாரண டேர்போ எடுக்கிறதா?"

விட்பியில் இருந்துகொண்டு நானும் ரெண்டு மாதமாக இதே கேள்வியோடதான் திரியிறன். முடிவை முதலே சொல்லிப்போடுறன். நான் டேர்போ எடுக்கப்போறன். ஆனால் ஸ்காபரோவில் கல்யாண டெக்கரேஷன் பிஸ்னஸ் செய்யிற என்ர மச்சானுக்கு "ஹைபிரிட் எடு" எண்டு சொல்லியிருக்கிறன். ட்ரக் ஒண்டுதான், கணக்கு வேற வேற.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்பம். ஃபோர்ட் எஃப்-150ஐ எடுங்கோ. 2021 மொடலோட வந்த பவர்பூஸ்ட் ஹைபிரிட்டில் இருக்கிறதும் அதே 3.5 லீற்றர் ஈக்கோபூஸ்ட் டேர்போ எஞ்சின்தான். அதுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில 35 கிலோவாட் மின் மோட்டர் ஒண்டும், 1.5 கிலோவாட் மணி பற்றரியும் சேர்த்திருக்கினம். குதிரைவலு 400இல இருந்து 430க்கு ஏறுது. அதாவது ஹைபிரிட் எடுத்தால் டேர்போவின்ர பராமரிப்பில இருந்து தப்பேலாது. அதுக்கு மேல இன்னொரு சிஸ்டத்தையும் சேர்த்து வாங்குறீங்கள். டொயோட்டா டண்ட்ராவிலயும் இதே கதைதான்: ட்வின் டேர்போ வி6க்கு மேல ஒரு மோட்டர்.

அப்ப அந்த மோட்டர் எங்க காசை மிச்சம் பிடிக்குது? பிரேக் பிடிக்கேக்க வீணாப்போற சக்தியைப் பிடிச்சு வைச்சு, திரும்ப வெளிக்கிடேக்க குடுக்கிற இடத்தில. பிரேக்கே பிடிக்காமல் ஒரே வேகத்தில ஓடினால் அதுக்குப் பெருசா வேலை இல்லை.

அமெரிக்க ஈ.பி.ஏ.யின்ர 2021 மதிப்பீட்டை லீற்றருக்கு மாத்திப் பார்த்தன். ரெண்டும் 4 வீல் ட்ரைவ். டேர்போ 100 கிலோமீற்றருக்கு நகரத்தில 13.1 லீற்றர், ஹைவேயில 10.2 லீற்றர் குடிக்குது. ஹைபிரிட் ரெண்டு இடத்திலயும் 9.8. நகரத்தில 3.3 லீற்றர் லாபம். ஹைவேயில வெறும் 0.4.

இனி ஸ்பிரெட்ஷீட். வருசத்துக்கு 20,000 கிலோமீற்றர், லீற்றர் 1.40 டொலர், ஹைபிரிட்டுக்குக் கூடக் குடுக்கிறது 3,000 டொலர் எண்டு வைப்பம். முழுக்க நகர ஓட்டம் எண்டால் வருசம் 924 டொலர் மிச்சம்; 3 வருசம் கொஞ்சத்தில போட்ட காசு திரும்பி வந்திடும். முழுக்க ஹைவே எண்டால் வருசம் 112 டொலர்தான். காசு திரும்பி வர கிட்டத்தட்ட 27 வருசம்! அதுக்குள்ள ட்ரக் உக்கிப்போயிடும். விலை வித்தியாசமும் பெற்றோல் விலையும் மாறும், நீங்கள் உங்கட நம்பரைப் போடுங்கோ. சூத்திரம் மாறாது.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். காலமை 401இல ஏஜக்ஸ், பிக்கரிங் தாண்டி ஸ்காபரோவுக்கு ஊர்ந்து போற ஆளுக்கு ஹைபிரிட் தன்ர காசைத் தானே உழைச்சுக் குடுக்கும். 412 இல ஏறி 407 கிழக்கால ஓடுற ஆளுக்கு இல்லை. 412க்கு 2022 ஏப்ரலில டோல் எடுத்தாச்சு, 407இன்ர மாகாணப் பகுதிக்கு 2025 ஜூனில எடுத்தாச்சு. ஒரே டிரைவ்வே, ஒரே ட்ரக், எந்த ரோட்டில திரும்புறீங்கள் எண்டதில கணக்கு மாறுது. நான் கிளையன்ட் ஒஃபிஸுக்குப் போறது கோ ட்ரெயினில. ட்ரக் வெளிக்கிடுறது சனி, ஞாயிறு, அதுவும் கூடுதலா ஹைவேயில.

"கரண்ட் போனால்?" எண்டு கேப்பீங்கள். நியாயமான கேள்வி. 2022 மே 21, லோங் வீக்கெண்ட் சனிக்கிழமை டெரேச்சோ புயல் அடிச்சு, எங்களுக்கு மேல அக்ஸ்பிரிட்ஜில டொர்னேடோவும் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கட வீட்டில சம்ப் பம்ப் நிண்டுட்டுது. அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கவே விடேல்லை. பவர்பூஸ்ட்டில 2.4 கிலோவாட் பிளக் சும்மாவே வரும், காசு கட்டினால் 7.2 கிலோவாட். ஆனால் சாதாரண எஃப்-150க்கும் 2 கிலோவாட் ஒப்ஷன் இருக்கு. ஒரு சம்ப் பம்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது பெரும்பாலும் காணும். எப்பவோ ஒருக்கா வாற புயலுக்காக நான் ஹைபிரிட் வாங்கத் தேவையில்லை. மச்சானுக்கு அப்பிடி இல்லை. ஒவ்வொரு கிழமையும் பார்க்கிலயும் பாக்யார்டிலயும் லைட், சவுண்ட், புளோவர் எல்லாம் ஓடவேணும். அவனுக்கு அந்த பிளக்தான் தொழில்.

இன்னொண்டும் சொல்லவேணும், கொஞ்சம் வெக்கமா இருந்தாலும். முதல்ல எனக்கும் ஆசை 7.2 கிலோவாட் ஹைபிரிட்டிலதான். கோயில் பார்க்கிங்கில கொண்டுபோய் விடுற மாதிரிக் கற்பனையும் வந்தது. பிறகு கேட்டன்: என்ர கொன்ட்ராக்ட் மூண்டு மாதத்தில முடிஞ்சால் இந்த மாசக்கட்டை ஆர் கட்டுறது? 84 மாத லோனில கூடின 3,000 டொலர் மாசத்துக்கு ஒண்டும் இல்லாத மாதிரித்தான் தெரியும். டீலர் அப்பிடித்தான் காட்டுவார். வேலை இல்லாத மாசத்தில அது வேற மாதிரித் தெரியும்.

மாமா 90களில யாழ்ப்பாணத்தில மோட்டச்சைக்கிளை ஒரு சொட்டு பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடின ஆள். குதிரைவலு, டோர்க் எல்லாம் நான் விளங்கப்படுத்தி முடிய அவர் கேட்டது ஒண்டுதான்: "தம்பி, இதில என்னத்தை ஏத்தப்போறாய்?" எனக்கு உடன பதில் வரேல்லை.

அதால யூடியூப் ரிவ்யூவைக் கொஞ்சம் மூடிவைச்சிட்டு, ரெண்டு கிழமைக்கு உங்கட ஓட்டத்தை எழுதுங்கோ: நகரம் எவ்வளவு, ஹைவே எவ்வளவு, பிளக் எத்தினை தரம் தேவைப்பட்டது. பாதிக்கு மேல நகரம் எண்டால் ஹைபிரிட்டைப் பாருங்கோ. இல்லாட்டி டேர்போ. ரெண்டு கிழமையிலயும் பின்பெட்டி காலியா இருந்தால், ஒரு கொரோலா ஹைபிரிட்டை யோசியுங்கோ. கணக்கை எனக்கு அனுப்புங்கோ, பெயர் சொல்லாமல் அடுத்த எபிசோட்டில வாசிப்பம்.