பனிக்கு ஆகாத பனியன்!



செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் கேன்டீன்ல ரெண்டே ரெண்டு மேட்டர்தான் ஓடும். ஒண்ணு, எத்தனை அரியர் விழும்? இன்னொண்ணு, லீவுக்கு எங்கே போகலாம்? ரெண்டாவது கேள்விக்கு ஊட்டி, வால்பாறைன்னு பதில் வந்த காலம் மலையேறிப் போச்சு. இப்போ சிக்கண்ணா காலேஜ் பசங்கல இருந்து எல்.ஆர்.ஜி. பொண்ணுங்க வரைக்கும் ஒரே பேச்சு... "கேதார்கந்தா போலாமா? ஸ்னோ!"

ஆசை நல்ல ஆசைதான். ஆனா ஒரு சின்னக் கணக்கு. நம்ம திருப்பூர், கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,000 அடி உயரம். உத்தரகாண்ட்ல இருக்கிற கேதார்கந்தா 12,500 அடி. நம்ம ஊர்ல 'குளிர்'னா மார்கழி விடியக்காலைல பைக் ஓட்டும்போது பல்லு கிட்டிக்கிறது. அங்கே குளிர்னா, பாட்டில்ல வெச்ச தண்ணி ராத்திரியில ஐஸ்கட்டி ஆகிடுறது.

கைடு கூட்டிட்டுப் போற ட்ரெக்ல, அவர் ஷூ பதிஞ்ச தடத்துலயே நீங்க கால் வெச்சுப் போவீங்க. எங்கே நிக்கணும், எப்போ திரும்பணும்னு அவர்தான் சொல்வார். கோர்ஸ் அப்படி இல்லை. பனியில எப்படி நடக்கறது, வழுக்கினா எப்படி நிறுத்தறது, உடம்பு சொல்றதை எப்படிக் கேக்கறதுன்னு உங்களுக்கே கத்துக் கொடுப்பாங்க. பனி மேல ஆசைப்படுறவங்க முதல்ல பண்ண வேண்டியது இந்தக் கோர்ஸ்தான். அதைப் பத்தித்தான் இந்த வாரம் அலசப் போறோம்.

முதல் பாடமே நம்ம ஊரு மேட்டர்!

உலகத்துக்கே டீ-ஷர்ட் போட்டு விடுற ஊர் நாம. ஆனா பனிமலையில முதல்ல கழட்டச் சொல்றது நம்ம காட்டன் பனியனைத்தான்!

டெக்ஸ்டைல் படிக்கிற பசங்களுக்கு இது ஈஸியாப் புரியும். 'மாய்ஸ்ச்சர் ரீகெய்ன்' படிச்சிருப்பீங்களே... காட்டனுக்கு 8.5 சதவீதம், பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. நம்ம ஊர் வெயிலுக்கு காட்டன் வரம். வேர்வையை உறிஞ்சும், காத்து பட்டா ஜில்லுனு இருக்கும். அதே 'ஜில்' 12,000 அடியில வில்லன். சுமை தூக்கிட்டு ஏறும்போது வேர்க்கும். பனியன் நனையும், சீக்கிரம் காயாது. ஈரம், காத்தை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துக்கும். பத்து நிமிஷம் உக்காந்து ரெஸ்ட் எடுத்தா நடுக்கம் ஆரம்பிக்கும். நடுக்கம் முத்தினா நாக்கு குழறும், புத்தி தடுமாறும். அதுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து. டாக்டர்கள் இதை 'ஹைப்போதெர்மியா'ன்னு சொல்றாங்க.

அதனால மலையில மூணு அடுக்கு கணக்கு. உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன். அதுக்கு மேல சூட்டைப் பிடிச்சு வைக்க ஃப்லீஸ் மாதிரி ஒண்ணு. எல்லாத்துக்கும் வெளியே காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட். கம்பளி ஈரத்தை காட்டனை விட அதிகமா உறிஞ்சும். ஆனா அதோட சுருள் இழைக்குள்ள காத்து தங்குறதால, ஓரளவு நனைஞ்சாலும் சூடு தரும்.

காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் அள்ளப் போறவங்க இங்கே உஷார்! நம்ம கம்பெனிகள்ல 'ஃப்லீஸ்'னு சொல்ற ஹூடி துணி பெரும்பாலும் காட்டன், இல்லேன்னா காட்டன் கலந்தது. மலைக்கு வேண்டியது பாலியெஸ்டர் ஃப்லீஸ். ரெண்டும் தொட்டுப் பாத்தா ஒரே மாதிரி மெத்துனு இருக்கும். உள்ளே தச்சிருக்கிற வாஷ்கேர் லேபிளைப் படிங்க. ஜீன்ஸ்? அதுவும் காட்டன்தான் பாஸ், வீட்டுலயே விட்டுடுங்க.

விழக் கத்துக்கோ!

நீச்சல் கத்துக்கும்போது முதல்ல மிதக்கச் சொல்லித் தருவாங்க இல்லே? பனியில முதல்ல விழச் சொல்லித் தருவாங்க.

வெள்ளியங்கிரி போனவங்களுக்கு மூங்கில் தடியோட மகிமை தெரியும். ஏழு மலை ஏறி இறங்கற வரைக்கும் அதுதான் மூணாவது கால். பனியில அந்த இடத்துக்கு வர்றது 'ஐஸ் ஆக்ஸ்'. சும்மா நடக்கும்போது ஊன்றுகோல். வழுக்கி விழுந்தா அதுதான் பிரேக்!

எப்படின்னா... விழுந்த உடனே கோடாலியோட தலையை ஒரு கையில தோள்கிட்ட பிடிச்சு, கைப்பிடியை மார்புக்குக் குறுக்கே இன்னொரு கையால பிடிக்கணும். குப்புறத் திரும்பி, கூர்முனையை பனியில குத்தி, மொத்த உடம்பு வெயிட்டையும் அது மேல போடணும். ஷூவுக்கு அடியில 'கிராம்பான்'ங்கிற இரும்பு முள்ளு மாட்டியிருந்தா காலை மட்டும் பனியில படாம தூக்கிக்கணும். முள்ளு பனியில மாட்டினா ஆள் கரணம் போட வேண்டியதுதான்.

படிக்கறதுக்கு நாலு வரி. ஆனா நிஜத்துல விழும்போது யோசிக்க டைம் இருக்காது. சறுக்கற வேகம் ஏறிட்டா நிறுத்தவும் முடியாது. அதனாலதான், கீழே பள்ளம் பாறை இல்லாத சரிவாப் பாத்து, உக்காந்து விழு, மல்லாக்க விழு, தலைகீழா விழுன்னு மாஸ்டர்கள் திரும்பத் திரும்பத் தள்ளி விடுவாங்க. பவர் டேபிள்ல உக்காந்த டெய்லருக்கு கை தன்னால ஓடுது பாருங்க, அந்த மாதிரி ஆகற வரைக்கும் விடமாட்டாங்க. யூடியூப் பாத்து இந்தக் கை வராது மச்சி!

28 நாள் என்னதான் பண்ணுவாங்க?

1953 மே 29-ல டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட்ல கால் வெச்சாங்க. அந்த உற்சாகத்துல 1954 நவம்பர்ல டார்ஜிலிங்ல தொடங்கினதுதான் 'ஹிமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட்'. களப் பயிற்சிக்கு முதல் டைரக்டர் யாரு தெரியுமா? சாட்சாத் டென்சிங்கேதான்! 1965-ல உத்தரகாசியில 'நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம்' வந்துச்சு. அங்கே பேசிக் கோர்ஸ் முடிச்ச ஒரு கிராமத்துப் பொண்ணு, 1984 மே 23-ல எவரெஸ்ட் ஏறின முதல் இந்தியப் பெண் ஆனாங்க. பச்சேந்திரி பால்!

பேசிக் கோர்ஸ் சுமார் நாலு வாரம். முதல்ல இன்ஸ்டிடியூட்லயே காலைல ஓட்டம், கயிறு முடிச்சு, பாறை ஏறறது. டார்ஜிலிங்ல அதுக்குன்னே 'டென்சிங் ராக்', 'கோம்பு ராக்'னு ரெண்டு பாறை இருக்கு. (நவாங் கோம்பு, 1963-லயும் 1965-லயும் ஏறி, எவரெஸ்ட்டை ரெண்டு தடவை தொட்ட முதல் மனுஷர்.) அப்புறம் ரக்சாக்கைத் தூக்கிட்டு நடை. டார்ஜிலிங் கோர்ஸ்ல சிக்கிமோட யுக்சோம்ல தொடங்கி, ஜோங்ரி வழியா சவுரிகாங் பேஸ் கேம்ப். உயரம் சுமார் 14,600 அடி. அங்கேதான் பனி, பனிப்பாறை, கோடாலி, கயிறு எல்லாம்.

ஒரே மூச்சுல மேலே கொண்டு போகமாட்டாங்க. உயரம் கூடக்கூட காத்து மெலிசாகும், மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் குறையும். உடம்பு பழக டைம் வேணும். பொதுவான கணக்கு, 10,000 அடிக்கு மேல போனா ராத்திரி தூங்குற இடத்தை ஒரு நாளைக்கு 1,600 அடிக்கு மேல ஏத்தக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலி, குமட்டல், மயக்கம்னா உயரம் ஒத்துக்கலைன்னு அர்த்தம். அதோட மேலே ஏறவே கூடாது. அதிகமானா உடனே இறங்கணும்.

இங்கேதான் நம்ம பசங்க சொதப்புவாங்க. "தலைவலின்னு சொன்னா கீழே அனுப்பிடுவாங்க, மானம் போயிடும்"னு மாத்திரையைப் போட்டுட்டு மூடி மறைக்கிறது. வெயிட் தூக்கறதுல ஜிம் பாடிங்க கில்லாடியா இருக்கலாம். ஆனா உயரம் யாரைப் பிடிக்கும்னு ஜிம் பாடிய வெச்சுச் சொல்லவே முடியாது. வாயைத் திறந்து சொல்றவன்தான் அங்கே புத்திசாலி.

மலை மன்னிக்காது

ஜாலியாப் பேசிட்டு வந்தோம், இப்போ கொஞ்சம் சீரியஸ்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீ. சென்னையில இருந்து போன ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போன ஒரு குழுவும் மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 23 பேர் பலி. வார லீவுக்கு ஜாலியாக் கிளம்பின நம்மைப் போன்ற இளவட்டங்கள். அங்கே பனி இல்லை, பெரிய உயரமும் இல்லை. ஆனா கோடையில காஞ்ச புல்லு, காத்து, தப்பிக்க வழி... இதையெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடியே படிச்சுப் பாக்கணும்னு அன்னிக்குத் தமிழ்நாடே தெரிஞ்சுக்கிட்டது.

"அப்போ இன்ஸ்டிடியூட்ல சேர்ந்துட்டா சேஃப்தானே?" அதுவும் முழுசா சரி இல்லை. 2022 அக்டோபர் 4-ல, உத்தரகாசி நிறுவனத்தோட அட்வான்ஸ்டு கோர்ஸ் குழு 'திரௌபதி கா டாண்டா' சிகரத்துப் பக்கம் பனிச்சரிவுல சிக்கிச்சு. 27 உடல்கள் கிடைச்சது, ரெண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவங்கள்ல பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருத்தர். அதே வருஷம் மே மாசம்தான் 16 நாளுக்குள்ள எவரெஸ்ட், மகாலு ரெண்டையும் ஏறி இறங்கினவங்க!

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. கோர்ஸ் முடிச்சா மலை நம்மளைத் தொடாதுன்னு யாரும் கியாரண்டி கார்டு தரமாட்டாங்க. பனிச்சரிவு பெரும்பாலும் 30-ல இருந்து 45 டிகிரி சாய்வுலதான் வரும், புதுசா கொட்டின பனி ஆபத்து, புதைஞ்சவரை முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துல தோண்டி எடுக்கணும்... இதெல்லாம் தெரிஞ்சா ஆபத்து குறையும். காணாமப் போகாது. இதைப் புரிஞ்சுக்கிட்டு, "இன்னிக்கு வேண்டாம், திரும்பிடலாம்"னு சொல்ற தைரியம் வருது பாருங்க, அதுதான் கோர்ஸ்ல கிடைக்கிற பெரிய சர்டிபிகேட். வீட்டுல பர்மிஷன் கேக்கும்போதும் மறைக்காம இதையே சொல்லுங்க. விவரம் தெரிஞ்சு பேசுற பிள்ளையை அப்பா அம்மா நம்புவாங்க.

எப்படிச் சேர்றது?

* டார்ஜிலிங், உத்தரகாசி நிறுவனங்களை பாதுகாப்பு அமைச்சகமும் மாநில அரசும் சேர்ந்து நடத்துது. இமாச்சலத்துல மணாலி, அருணாசலத்துல திராங்லயும் அரசு நிறுவனங்கள் இருக்கு. கட்டணம், வயது வரம்பு வருஷா வருஷம் மாறும். அவங்க அதிகாரபூர்வ வெப்சைட்டை மட்டும் நம்புங்க.

* தங்கறது, சாப்பாடு, கயிறு, கோடாலி எல்லாம் கட்டணத்துலயே அடக்கம். நல்ல ஷூவும் உள்ளாடையும் உங்க பொறுப்பு.

* மே, ஜூன் கோர்ஸ் சீட் பல மாசம் முன்னாடியே ஃபுல் ஆகிடும். அட்டெண்டன்ஸ் பிரச்னை வராம இருக்கணும்னா இப்பவே காலண்டரைப் பாருங்க.

* மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். ஆஸ்துமா, இதயக் கோளாறு எதையும் மறைக்காதீங்க.

* நீங்க என்.சி.சி.யா? ஜாக்பாட்! கேடட்களை இந்தக் கோர்ஸ்களுக்கு என்.சி.சி.யே தேர்ந்தெடுத்து அனுப்புது. உங்க ஏ.என்.ஓ.வைப் பிடிங்க.

* பெண்களுக்குன்னே தனி பேட்ச் உண்டு. அம்மணிகளா, வீட்டுல கேக்கற முதல் கேள்விக்குப் பதில் ரெடி!

* பேசிக்ல 'ஏ' கிரேடு வாங்கினாத்தான் அட்வான்ஸ்டு கோர்ஸ். அதுக்கு அப்புறம் மீட்புப் பணி, பயிற்சியாளர் கோர்ஸ்னு பாதை நீளும்.

இங்கேயே ரெடியாகலாம்

ஒன்றரை ஷிப்ட் பாக்குற ஊர்க்காரங்களுக்கு உழைப்பு புதுசில்லை. மூணு மாசம் முன்னாடியே தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். வாரம் ரெண்டு நாள் பையில பத்து கிலோ வெயிட் போட்டுட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க. இறங்கறதுதான் முட்டிக்கு உண்மையான பரீட்சை. பாறை ஏறிப் பழக பெங்களூரு பக்கம்தான். அங்கே கர்நாடக அரசோட ஜெனரல் திம்மையா சாகச அகாடமி இருக்கு.

மலையில நடந்து பழக, தமிழக அரசு 2024 அக்டோபர்ல தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகள் இருக்கு. வனத்துறை அனுமதியோட, உள்ளூர் வழிகாட்டியோட போகலாம். காட்டுத்தீ சீசன்ல மூடிடுவாங்க, தேதி பாத்துக்கோங்க. அனுமதி இல்லாத காட்டுக்குள்ள மட்டும் 'அட்வென்ச்சர்'னு கிளம்பிடாதீங்க.

2023 மே மாசம், விருதுநகர் மாவட்டத்துல பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறி, தமிழ்நாட்டுல இருந்து அங்கே கால் வெச்ச முதல் பெண் ஆனாங்க. பனியே பாக்காத கந்தக பூமியில இருந்து அவங்களால முடியும்னா, பனியன் ஊர்ல இருந்து உங்களால முடியாதா?

முடியும். கத்துக்கிட்டுப் போங்க. காட்டன் பனியனை மட்டும் திரும்பி வந்து போட்டுக்கலாம்!

அடுத்த வாரம் சந்திப்போமா?