கோடைக்கானலுக்கும் விசாவா?

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி முதல், கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போகிற வெளியூரார் இ-பாஸ் பெற்றாக வேண்டுமென்று ஏற்பட்டது. 2025-ம் வருஷக் கோடையில் வண்டிகளுக்கு வரம்பும் கட்டப்பட்டது. கோடைக்கானலுக்கு வார நாட்களில் தினம் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000 என்பது அந்த வரம்பு. இதைக் கண்டு சிலர், "சொந்த நாட்டு மலைக்குப் போவதற்கும் விசாவா?" என்று கூச்சலிடுகிறார்கள்.

விசா என்றால் என்ன? நம்மில் ஒருவர் பத்து நாள் லண்டன் போய்வர விரும்பினால், பாங்கியில் பணம் எவ்வளவு, உத்தியோகம் என்ன, திரும்பி வருவாரா என்றெல்லாம் ஆளையே எடைபோட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். மறுத்துவிட்டாலோ கட்டிய பணமும் திரும்பாது. இ-பாஸ் இப்படிச் செய்கிறதா? வண்டி நம்பர் என்ன, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குவது என்றுதானே கேட்கிறது? ஜாதியையும் சொத்தையும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. அரசாங்க பஸ்ஸில் போகிறவர்களுக்கோ பாஸே வேண்டியதில்லை. ஆகவே கணக்கில் வருகிறவர் கார்க்காரரேயொழிய கூலிக்காரரல்ல.

1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே பங்களா கட்டியது முதல், மோட்டார்ப் பாதை வரும்வரை, துரைகளில் பலர் நம்மவர் தோள்மீது ஏறி மலைக்குப் போனார்கள். ஒருவர் சுகத்தின் பாரத்தை மற்றொருவர் சுமப்பது அன்றைய முறை. இன்று அந்தப் பாரம் மலைமேல் குடியிருப்போர் தலையில் விழுகிறது. நோயாளியை வத்தலக்குண்டுக்கு இறக்க வழியில்லாமல் பாதையெல்லாம் கார் நின்றால், அது யாருக்குச் சுதந்திரம்?

ஆனால் பாஸ் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று சர்க்கார் இருந்துவிடக் கூடாது. கார் குறைந்தால் சோளம் சுட்டு விற்பவருக்கும் வாடகை வண்டி ஓட்டுபவருக்கும் வரும்படி குறையும். அதற்குப் பரிகாரம் வரம்பை எடுப்பதல்ல, பஸ்களை அதிகப்படுத்துவதேயாகும். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போனால் பத்துக் கார் மிச்சமாகும். கடைக்காரருக்கும் ஆள் குறையாது. கைபேசியில் எழுதிப் பெறத் தெரியாதவருக்கு மலையடிவாரத்திலேயே பாஸ் எழுதிக் கொடுக்க ஆள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இலவசமான பாஸுக்கும் தரகன் முளைப்பான்.

எல்லோருக்கும் ஒன்றுபோல் உள்ள வரம்பு அடிமைத்தனமல்ல. சிபார்சுக்காரருக்கு மாத்திரம் தளருகிற வரம்பே அடிமைத்தனம். மந்திரி வீட்டுக் காரும் அதே வரிசையில் நிற்கிறதா என்று பொதுஜனங்கள் கவனித்துவர வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.