முற்றத்துப் பந்தல்

சென்ற கிழமை எமது பேர்த்தி கனடாவிலிருந்து வந்திறங்கினாள். பயணக் களைப்பு ஆறுமுன்னரே தன் கைத்தொலைபேசியை எம் மூக்கின் முன்னே நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள். கிடுகு வேய்ந்த சிறு பந்தல் ஒன்று. அதன் தூண்களில் அரிக்கன் லாம்புகள். அருகே மாடு பூட்டாத மாட்டு வண்டி, அதன் மேலே குவியலாகச் செவ்வந்திப் பூக்கள். யாழ்ப்பாணத்து விருந்தினர் விடுதி ஒன்றின் பின்வளவில் இவ்வாறெல்லாம் சோடனை செய்து தருகிறார்களாம். வாடகையைக் கேட்டோம். அப்பணத்துக்கு எமது காலத்தில் வண்டியும் மாடும் வாங்கி, மாடு மேயக் காணியும் வாங்கியிருக்கலாம்.

“உங்கடை கலியாணம் மாதிரியே எனக்கும் வேணும், அம்மம்மா. முத்தத்திலை, பந்தலுக்குள்ளை. உங்கடை படங்களை ஒருக்கால் காட்டுங்கோவன்” என்றாள்.

காட்டுவதற்குப் படம் இல்லை. 1964ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் நிகழ்ந்த எமது கலியாணத்துக்குப் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து பன்னிரண்டு படங்கள் எடுத்தது உண்மை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து ஊரோடு ஊராக வெளியேறியபோது, மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்று நம்பி, அலமாரியைப் பூட்டித் திறப்பை மட்டும் இடுப்பிற் செருகிக்கொண்டு வந்தோம். திறப்பு இன்றும் எம்மிடம் இருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அந்த வளவில் மீண்டும் கால் வைத்தது 2015இல். வீடு இல்லை, கிணறு மாத்திரம் இருந்தது. பந்தல் நின்ற இடத்தைக் கிணற்றிலிருந்து அடி அளந்தே கண்டுபிடித்தோம்.

ஆகவே, படத்துக்குப் பதிலாகப் பேர்த்திக்குக் கதையைக் கூறினோம். அவளுக்குக் கூறியதையே நேயர்களுக்கும் கூறுகிறோம். மணப்பெண்ணாக இருந்த ஒருத்தி தன்னை ‘நாம்’ என்று பன்மையிற் கூறிக்கொள்வது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். இப்பத்தியை இத்தனை காலம் அப்படியே எழுதிவிட்டோம். கை இனித் திருந்தாது.

அக்காலத்தில் கலியாண மண்டபங்கள் எம்மூர்ப் பக்கத்தில் இல்லை. பெண் வீட்டு முற்றமே மண்டபம். மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கிய நாளிலேயே இரு வீட்டிலும் கன்னிக்கால் ஊன்றினார்கள். கன்னிக்கால் என்பது முள்முருக்கந் தடி. கலியாணம் முடிந்தபின் அதனைக் கிணற்றடியில் நட்டுவிட்டால் வேர் பிடித்துத் தளிர்க்கும். எமது தடியும் மரமாகி, எம் பிள்ளைகள் ஏறி விழுந்து கை முறிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

பொன்னுருக்கின் பின் வீட்டில் உலக்கைச் சத்தம் ஓயவில்லை. அயலிலுள்ள பெண்கள் யாரும் அழைக்காமலே வந்தார்கள். ஒருத்தி அரிசி இடிக்க, ஒருத்தி பயறு வறுக்க, பயத்தம் பணியாரமும் அரியதரமும் பெட்டி பெட்டியாக நிறைந்தன. யார் வீட்டுக் கிடாரம், யார் வீட்டுப் பாய், யார் வீட்டுக் குத்துவிளக்கு என்று கரித்துண்டினாற் சுவரில் எழுதிவைத்தார் எமது தந்தையார். கலியாணம் என்பது பாதி இரவல் என்பது அவருடைய கருத்து. சீதனப் பேச்சு மூன்று மாதம் நடந்ததையும், அது ஒரு முறை முறிந்து பின் ஒட்டியதையும் அவர் சுவரில் எழுதவில்லை. நாமும் இங்கே விரித்துரைக்கவில்லை.

பந்தலைக் கட்டியவரைப் பற்றித்தான் விரித்துரைக்க வேண்டும்.

ஆண்டுதோறும் எமது வேலியை அடைப்பவரும், அடுக்களைக் கூரையை வேய்பவரும் அவரே. எமது தந்தையாருக்கு மூத்தவர். ஆயினும் எம் வீட்டுச் சிறு பிள்ளைகள் உட்பட யாவரும் அவரைப் பெயர் சொல்லி, ‘நீ’ என்றே அழைத்தோம். அவரோ நாம் தவழ்ந்த காலத்திலிருந்தே எம்மை ‘நாச்சியார்’ என்றார். இது முறையன்று என்று எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. எமக்குத் தோன்றவும் இல்லை.

கலியாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே அவர் தம் மகனோடு வந்துவிட்டார். கமுக மரங்களைக் கால்களாக ஊன்றி, பனஞ் சலாகைகளைக் குறுக்கே பரப்பி, அதன்மேற் கிடுகு வேய்ந்தார். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் நார்க்கட்டும் தும்புக் கயிற்றுக் கட்டுமே. வைகாசியிற் சோளகக் காற்று எழும் என்பதால், பந்தலின் மேற்குப் புறத்து மூலைகளை நீண்ட கயிறுகளால் இழுத்து, நிலத்தில் முளை அடித்துக் கட்டினார். பின் வண்டியில் வெண்மணல் வந்தது. எமது செம்மண் முற்றத்தின் மேல் அதனைப் பரப்பினார்கள். கூரையின் கீழே வெள்ளை கட்டியாயிற்று. வாசலில் குலையோடு இரு வாழைகள் நின்றன. மாவிலையும் தென்னங் குருத்தும் தோரணமாயின. மணவறை வந்து இறங்கியதும், பந்தலைக் கட்டியவர் பந்தலை விட்டு வெளியே போனார். அதன் பின் அவர் உள்ளே வருவதற்கில்லை. அதுவே அந்நாளைய வழக்கம்.

முகூர்த்தம் இரவு ஒன்பது மணிக்குப் பின். நான்கு பெற்றோமாக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்து வாசித்த காலம் அது. ஆகையால் எந்த மேளக் கூட்டம் வந்தாலும் ஊரார் வாய்க்கு வந்தபடி குறை சொல்வார்கள். எமது கலியாணத்து மேளத்துக்கும் அக்குறை கிடைத்தது.

நேயர்களே, மணப்பெண் தன் கலியாணத்தைப் பார்ப்பதில்லை. குனிந்த தலை நிமிர்தல் ஆகாது. நாம் பார்த்தவை மணலும், கூறைச் சேலையின் கரையும், ஐயரின் கை விரல்களும், பக்கத்திலே அமர்ந்திருந்தவருடைய பெருவிரல் நகமுமே. அந்நகம் கறுத்திருந்தது. பின்னாளில் விசாரித்தபோது, பொன்னுருக்கு அன்று அம்மிக்குழவி விழுந்ததாம்.

அந்நேரத்திலேதான் சோளகம் எழுந்தது. முதலிற் பனை மரங்களின் சலசலப்பு. அடுத்து, தலைக்கு மேலே கட்டிய வெள்ளை பாய்மரம் போலப் புடைத்து உப்பிய ஓசை. விளக்கு இரண்டு அணைந்தன. பெண்கள் பிள்ளைகளை வாரி எடுத்தார்கள். ஐயர் ஓமத் தீயைத் தம் சால்வையால் மறைத்துக்கொண்டு மந்திரத்தை விரைவுபடுத்தினார். மேற்கு மூலையிற் கிடுகுகள் எழும்பிப் படபடவென்று அடித்தன. பின் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்தாற்போல அடங்கின. கெட்டி மேளம் முழங்கிற்று. தாலி ஏறிற்று.

அம்மி மிதித்தபின் அருந்ததி காட்டுவதற்காக எம்மிருவரையும் பந்தலுக்கு வெளியே, படலைப் பக்கமாக அழைத்துச் சென்றார் ஐயர். இக்காலத்தில் பகல் பதினொரு மணிக்கு மண்டபத்து வாசலில் நின்று வெறும் வெயிலைக் காட்டுகிறார்களே, அப்படியன்று. அன்று வானம் நிறைய நட்சத்திரங்கள். மாணவர்கள் அறியும் பொருட்டுச் சொல்கிறோம்: வைகாசி, ஆனி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் வடதிசையை நோக்கினால், அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவே சப்தரிஷி மண்டலத்தின் வால் தெரியும். வாலின் மூன்று நட்சத்திரங்களுள் நடுவிலிருப்பது வசிட்டர். அதனை ஒட்டி, கூர்ந்து பார்ப்பவர்க்கே புலப்படும் மங்கலான சிறு புள்ளியே அருந்ததி. ஒளி அங்கிருந்து இங்கு வர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் செல்லும்.

“வடக்கே, பூவரசுக்கு மேலே பாருங்கோ. தெரியுதோ?” என்றார் ஐயர்.

“தெரியுது” என்றோம்.

அது பொய். அன்று அருந்ததியை நாம் காணவில்லை. தலை நிமிர்ந்த அக்கணத்தில் எம் கண்ணிற் பட்டது, மேற்கு மூலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பந்தற்காரரே. முளை பிடுங்கப்பட்டுக் கிடந்தது. கயிற்றைத் தம் முன்கையில் இரு சுற்றுச் சுற்றி, இரு குதிகளையும் மணலில் புதைத்து, உடல் முழுவதையும் பின்னே சாய்த்து நின்றார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ! எம் பார்வை அவர்மேல் விழுந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று தலை குனிந்திருக்க வேண்டியவள் மணப்பெண்ணல்லவா?

பந்திகள் மூன்று நடந்தன. மொட்டைக் கறுப்பன் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், இடையிடையே இன்னும் பல. ஊரார் நெடுங்காலம் மெச்சிப் பேசிய சாப்பாடு என்பார்கள். நாம் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. நள்ளிரவு கடந்தபின், அறை யன்னலூடாகப் பின்வளவைப் பார்த்தோம். அடுக்களைக்கு அப்பால், வெளிச்சம் எட்டாத இடத்தில், பந்தற்காரரும் மகனும் வேறு சிலரும் நின்றார்கள். தாம் கொண்டுவந்திருந்த பனையோலைப் பெட்டிகளை நீட்டினார்கள். எமது பாட்டியார், கை பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து சோற்றை விழுத்தினார். அவர் கொடுமைக்காரி அல்லர், நிறையவே போட்டார். பந்தற்காரர் இடக் கையாற் பெட்டியை ஏந்தினார். வலக் கையைத் துணியாற் சுற்றியிருந்தார்.

நாம் அக்காலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து ஓராண்டு ஆனவள். யாவரும் சமம் என்று வகுப்பிலே பாடம் சொல்லிக் கொடுத்தவள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நாட்டில் நிறைவேறியிருந்தது என்பதும் எமக்குத் தெரியும். யன்னலைத் திறந்து, “பந்தலுக்குள்ளே இலை போடுங்கள்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மணப்பெண்ணின் சொல்லை அன்றொரு நாளாவது கேட்டிருப்பார்களோ, என்னவோ. நாம் யன்னலைச் சாத்தினோம். எவரும் எம் வாயைப் பொத்தவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அப்போது எம் வீட்டார் பேசிய பேச்சுக்களைக் கேட்டபோதும் அப்பனையோலைப் பெட்டியே எம் நினைவில் வந்தது. அப்போதும் நாம் பேசவில்லை. பின்னர் ஒரு நாள், மாணவிகளுக்கு வானத்தைக் காட்டியபோதுதான் அருந்ததியை மெய்யாகவே கண்டோம். அவள் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவள் என்று கூறும் மரபும் உண்டு. அவள் பெயரையே தம் பெயராகக் கொண்ட அருந்ததியர் தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள். நாடெங்கும் மணப்பெண்களுக்குக் காட்டுவதற்கு அவளையே தேர்ந்தெடுத்த நம் சமூகத்தின் துணிச்சலை என்னென்பது!

நிற்க. இவ்வளவையும் கேட்ட பேர்த்தி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின், “அவற்றை பேர் என்ன?” என்றாள். பெயர் எமக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகள் அதைச் சொல்லித்தானே அழைத்தோம். ஆனால் அவருடைய தகப்பனார் பெயரோ, மனைவியின் பெயரோ, பிள்ளைகளின் பெயர்களோ தெரியவில்லை. கலியாண அழைப்பிதழின் உறை மேல் எழுதுவதற்கு வேண்டியவை அவைதாமே.

பலரிடம் கேட்டலைந்து அறிந்தோம். 1990இல் அவர்களும் வெளியேறியவர்களே. அவர் நலன்புரி நிலையம் ஒன்றிலேயே காலமானாராம். பிற்காலத்தில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது எமக்குத் திரும்பிச் செல்ல ஒரு வளவு இருந்தது, கிணறாவது இருந்தது. அவர்கள் குடியிருந்ததோ பிறர் காணியில். விடுவிப்பதற்கு அவர்களுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. மகள் இப்போது சுன்னாகத்துக்கு அப்பால், உறவினர் கொடுத்த துண்டுக் காணியில் வீடு கட்டி இருக்கிறார்.

எம்மூர் வழக்கப்படி, கலியாணம் சொல்வதற்கு நேரில் போக வேண்டும். பேர்த்தியும் நாமும் முச்சக்கர வண்டியிற் போனோம். மகளுக்கும் வயது எழுபதைக் கடந்திருக்கும். கதிரை போட்டார், தேநீர் கொண்டுவந்தார். அழைப்பிதழை இரு கையாலும் வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதையும் வாசித்தார்.

“உங்கடை கலியாணம் எனக்கு நினைவிருக்கு, ரீச்சர். அப்புவுக்குக் கயிறு வெட்டிக் கை தோல் உரிஞ்சு போச்சு. பத்து நாள் வேலை இல்லை. வீட்டிலை அந்தப் பத்து நாளும் கஞ்சிதான்” என்றார்.

அறுபது ஆண்டுகளில் இதை நாம் அறிந்ததில்லை. பேர்த்தி எம் முகத்தைப் பார்த்தாள். நாம் தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம்.

அவர் அழைப்பிதழை மடித்து உறைக்குள் இட்டார். பின் புன்முறுவலோடு, “வாறம், வராமல் என்ன? பந்தியிலையோ, பார்சலோ?” என்று கேட்டார்.

உள்ளேயிருந்து அவருடைய மகன், “அம்மா!” என்று அதட்டினான்.

“பந்தியில்” என்றோம்.

“எத்தினை பேர் வரலாம்?”

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டோம். ஒன்பது பேர் என்றார். பேர்த்தி தன் கைத்தொலைபேசியை எடுத்து, ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.