சோலார் மானியம் யாருக்கு?

மாடியில் சோலார் போட்டால் வருமான வரி குறையுமா என்று பென்ஷன் வாங்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். குறையாது. நம் நாட்டில் வீட்டு சோலாருக்குக் கிடைப்பது மானியம்தான்.

2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஆனால் பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, ஆய்வெல்லாம் முடிந்த பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணமும் நம்முடையது.

பென்ஷன் வாங்கும் எனக்கு முடிந்தது. புதுக்கோட்டை வெயிலில் நாளெல்லாம் நிற்கும் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தம்பிக்கு? வங்கிக் கடன் உண்டுதான். தினக்கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் வங்கிக்கு அலைவார்? மானியத்தை விலையிலேயே கழித்துத் தரட்டும். அதுதான் நியாயம்.

கடைசியாக ஒன்று: மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தால், முதலில் பெயரை மாற்றிவிடுங்கள்.