நான்கு சக்கர வண்டியும் இரு சக்கரச் சோதனையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையிலுள்ள பருக்கைகள் யாவும் ஒரே நெருப்பில் வெந்தவை என்பதே அதற்கு அடிப்படை. அவ்வடிப்படை இல்லாதவிடத்துப் பகுதியை அளந்து முழுமைக்குத் தீர்ப்புக் கூறுதல் தவறாகும். நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் மோட்டார்க் காரை, இரு சக்கரங்களுக்கென அமைந்த டைனமோமீட்டரில் ஏற்றிச் சோதித்து, கிடைத்த எண்ணை அப்படியே அறிவிப்பது இத்தகைய தவறே.

வண்டியை ஓரிடத்தில் கட்டி, சக்கரங்களைக் கனத்த உருளைகளின்மேல் ஓடவிட்டு, அவற்றில் கிடைக்கும் திறனை அளப்பது இக்கருவியின் வேலை. முன் சக்கரங்களாலோ பின் சக்கரங்களாலோ மட்டும் இயங்கும் வண்டிக்கு இது போதும். மாருதி ஜிப்சி போன்று, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இணைக்கும் வண்டியை இரு சக்கர நிலைக்கு மாற்றிச் சோதிப்பதிலும் இடையூறு இல்லை.

எப்பொழுதும் நான்கு சக்கரங்களும் இணைந்து இயங்கும் வண்டியின் நிலை வேறு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள டிபரன்ஷியல், முறுக்குவிசையை இருபுறமும் பங்கிடுகிறது. தரையில் நிற்கும் சக்கரங்கள் வண்டியை உருளையினின்று முன்னே தள்ளும். கட்டு அறுந்தால் எதிரில் நிற்பவருக்கு உயிராபத்து நேரும். அச்சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தினால், தடையற்று அவை வீணே சுழல, உருளைக்குத் திறன் சேராது. பின் அச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றுவதும் எல்லா வண்டிக்கும் ஏற்றதன்று. நடுவில் பாகுத் திரவ இணைப்புள்ள வண்டியில், தண்டு அகன்ற பக்கம் தடையின்றிச் சுழல முயலும்; அதனைத் தடுக்கும் சுமை முழுவதும் அவ்விணைப்பின்மேல் விழ, திரவம் சூடேறி இணைப்புக் கெடும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள வண்டியிலோ, சில சக்கரங்கள் ஓடச் சில நிற்பதைச் சறுக்கல் எனக் கொண்டு, கட்டுப்பாட்டுக் கருவி இயந்திரத்தின் திறனைக் குறைத்துவிடக்கூடும்.

இவ்வளவையும் கடந்து ஓர் எண் கிடைத்தாலும், சுழலாத சக்கரங்கள், அச்சு, தண்டு ஆகியவற்றின் உராய்வும் நிலைமமும் அதில் அடங்கவில்லை. ஆகவே அது உண்மையைக் காட்டிலும் மிகுந்தே நிற்கும்.

உருளையின்மேல் ஓடுவது வேறு, சாலையில் ஓடுவது வேறு என்பதை அரசு விதிகளும் ஏற்றுள்ளன. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளில், சாலையில் ஓடும்போது அளக்கும் புகையும் வரம்புக்குள் இருத்தல் வேண்டும் என்ற கட்டாயம் 2023 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தது.

நான்கு சக்கர டைனமோமீட்டர் எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் இல்லையே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உற்பத்தியாளரின் கையேடு இடந்தரும் வண்டியை, அதில் கூறிய முறைப்படி இரு சக்கர நிலையில் சோதிக்கலாம். பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே வண்டியை ஒரே நிலையில் ஒப்பிடுவதற்கு அவ்வளவீடு பயன்படும். வேறு வண்டியோடு ஒப்பிடுவதற்கோ, வாங்குவோரிடம் சான்றாகக் காட்டுவதற்கோ அது பயன்படாது.

அலகு குறிக்காத விடைக்கு ஆசிரியர் மதிப்பெண் அளிப்பதில்லை. சோதனை நிலையைக் குறிக்காத எண்ணையும் அவ்வாறே மறுத்தல் வேண்டும். எத்தனை சக்கரங்கள் ஓடின, எவ்வுறுப்புக் கழற்றப்பட்டது, எக்கட்டுப்பாடு நிறுத்தப்பட்டது என்னும் மூன்றையும் ஏட்டில் எண்ணுக்கு அருகிலேயே எழுதும் வழக்கத்தை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மாணவர்க்கு முதல் நாளிலேயே பயிற்றுவிப்பார்களாக.