நாற்பது குதிரையும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

(இயந்திரவியல் துறை மாணவன் ஒருவன்)



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வானகரம் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் மீன் ஏற்றிக்கொண்டு டெம்போக்கள். இன்னொரு பக்கம் பெங்களூர் ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஜாக்கெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஏதோ போருக்குப் போகிற மாதிரி இளைஞர்களும், அறுபதைத் தொட்ட பெரியவர்களும் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். ராணிப்பேட்டையிலோ ஏலகிரியிலோ டிபன் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுகிற கூட்டம். நமக்கு 'டூரிங்' என்றால் பஸ் பாஸோடு படியில் தொங்குவதுதான். அது வேறு கதை!

அப்படி ஒரு நாள் டீக்கடை வாசலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுமே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். ஒன்று 2016-ல் வந்த பழைய 411 சிசி. மற்றது 2023 நவம்பரில் கோவாவில் வெளியிடப்பட்ட புதிய 450. வண்டிகள் அமைதியாகத்தான் நின்றன. ஓட்டி வந்தவர்கள்தான் சண்டை போட்டார்கள்!

"இன்னாண்ணா இது, ஹிமாலயன்னு பேரு வச்சுட்டு ரேஸ் வண்டி குடுத்திருக்கான். அடியில இழுவையே இல்ல" என்றார் பழைய வண்டிக்காரர்.

"அண்ணே, உங்க வண்டி நூறைத் தாண்டினா கை மரத்துப் போயிடும். இதுல உக்காந்து பாருங்க, கிருஷ்ணகிரி வரைக்கும் டீ சிந்தாது" என்றார் புதிய வண்டிக்காரர்.

கண்ணாடி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன். டீ ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? இதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாம் இயந்திரவியல் மாணவர்கள் அல்லவா!

பழைய இன்ஜினின் போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 86 மி.மீ. புதியதில் போர் 84, ஸ்ட்ரோக் 81.5. சிலிண்டரின் கொள்ளளவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். முதலாவது 411, இரண்டாவது 452 என்று வரும். சிசி கூடியது நாற்பத்தொன்றுதான். ஆனால் சக்தி 24 குதிரையிலிருந்து 40 குதிரைக்குப் போய்விட்டது! எப்படி? பழையது லாங் ஸ்ட்ரோக், காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது, ஒரே கேம் ஷாஃப்ட், ஐந்து கியர். புதியது ஷார்ட் ஸ்ட்ரோக், இரண்டு கேம் ஷாஃப்ட், நான்கு வால்வு, ஆறு கியர். முக்கியமாக, ரேடியேட்டரில் கூலன்ட் ஓடுகிறது. அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே திரவத்தால் குளிர்கிற முதல் இன்ஜின் இதுதான். எடையோ 199 கிலோவிலிருந்து 196-க்கு இறங்கியிருக்கிறது. பெட்ரோல் டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது.

அப்படியானால் பழைய வண்டிக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. பழைய இன்ஜின் தன் முழு டார்க்கையும் (32 நியூட்டன் மீட்டர்) 4000, 4500 சுற்றிலேயே கொடுத்துவிடும். மேட்டில், சேற்றில், கல்லில், மெதுவாக 'டப் டப்' என்று ஏறும். கியர் மாற்ற வேண்டியதில்லை. புதியதில் டார்க் 40 ஆகக் கூடியிருக்கிறது. ஆனால் உச்சம் வருவது 5500 சுற்றில். அடியில் இருந்து பழகியவருக்கு 'எதையோ காணோம்' என்று தோன்றத்தான் செய்யும். சுற்றைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு அந்தக் குறை தெரியாது. ஆக, இரண்டு பேருடைய உடம்பும் உண்மையைத்தான் சொல்கிறது. இன்ஜின் மாறிவிட்டது, ஒருவர் கை மாறிவிட்டது, இன்னொருவர் கை இன்னும் மாறவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த குறை டயர். "இவ்வளவு விலை (தொடக்க விலையே 2 லட்சத்து 69 ஆயிரம்) வாங்கிட்டு டியூப் டயரா?" என்று வண்டி வந்த புதிதில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி! ஸ்போக்ஸ் வீலில் ரிம்மின் நடுவில் துளைகள் இருப்பதால் காற்று நிற்காது, அதனால் டியூப் வேண்டும். ஸ்போக்ஸை ரிம்மின் ஓரத்தில் கோத்தால் டியூப் இல்லாமலே ஓட்டலாம். அந்த வீல் 2024-ல் இந்தியாவிலும் கிடைக்க ஆரம்பித்தது. ஓட்டுகிறவன் வாய் திறந்து கேட்டால் கம்பெனியின் காது கேட்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. பழைய இன்ஜின்தான் வேண்டும் என்றவர்களை நிறுவனம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. அதே 86 மி.மீ. ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு, போரை மட்டும் 3 மி.மீ. பெரிதாக்கி, 443 சிசியில் ஸ்கிராம் 440 என்று 2025 ஜனவரியில் விலைக்குக் கொண்டுவந்தது. கிழவர்கள் என்று நாம் கேலி செய்தவர்களுக்காகத்தான் அந்த வண்டி!

இந்தப் புலம்பல் ஒன்றும் புதிதல்ல தோழர்களே. 1950-களில் திருவொற்றியூரில் பிறந்த நம்ம ஊர் புல்லட்டின் கதையைக் கேளுங்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2008, 2009-ல் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்த புதிய இன்ஜின் வந்தது. கியர் இடது பக்கம், செல்ஃப் ஸ்டார்ட், ஆயில் ஒழுகாது. "ஆயில் ஒழுகாத வண்டி ஒரு புல்லட்டா?" என்று கேட்டவர்கள் உண்டு! ஆனால் அந்த இன்ஜினோடு வந்த கிளாசிக் மாடலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். ஜெர்மனியிலும் இதே கதைதான். 2013-ல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 1200 ஜி.எஸ். டூரிங் வண்டிக்குத் திரவக் குளிர்விப்பைக் கொண்டுவந்தபோது, காற்றிலேயே குளிர்ந்த பழைய இன்ஜினை நேசித்தவர்கள் முகம் சுளித்தார்கள். வண்டி விற்றுக்கொண்டேதான் இருந்தது.

அதோடு, மாற்றம் வெறும் ஃபேஷனுக்காக வந்ததல்ல. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு இந்த விதியைத் தாண்டுவது லேசில்லை. இன்ஜின் ஒரே சீரான சூட்டில் எரிந்தால் புகையைக் கட்டுப்படுத்துவது எளிது. அதற்குக் கூலன்ட் கை கொடுக்கிறது. மதுரவாயல் சிக்னலில் நின்று மூச்சு விடுகிற நாம், இந்த விதியைக் குறை சொல்லலாமா?

இதுவரை புதிய வண்டிக்கு வக்கீல் மாதிரிப் பேசிவிட்டேன். இனி அந்தப் பெரியவர் கடைசியாகச் சொன்னதைக் கேளுங்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. நடு ரோட்ல நின்னுச்சுன்னா யாரு பாப்பா? என் வண்டியை எந்த ஊர்லயும் எவனாவது ஒருத்தன் பிரிச்சு மாட்டிடுவான். உன் வண்டிக்கு லேப்டாப் இல்ல வேணும்?"

புதிய வண்டிக்காரரிடம் பதில் இல்லை. எனக்கும் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

என் தாய்மாமா ரோட்டோரத்தில் சின்னதாக ஒரு டூ வீலர் ஷெட் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "டேப்பட் லூஸு", "செயின் ஸ்பிராக்கெட் போச்சு" என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். என்னை டிப்ளமோவில் சேர்த்ததும் அந்த ஷெட்டின் வருமானம்தான். எங்கள் வீட்டில் இதுவரை வந்தவன் நான் ஒருவனே.

போன வருஷம் ஒரு மாலை, புது மாடல் வண்டி ஒன்றை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. ஸ்டார்ட் ஆவதும் நிற்பதுமாக இருந்தது. மாமா பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்:

"சத்தம் போட்டாத்தானேடா எங்க வலிக்குதுன்னு தெரியும்? இது லைட்டைப் போட்டுட்டு கம்முனு நிக்குது."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் படிக்கிறியே, என்னன்னு பாரு மாப்ள" என்றார்.

தோழர்களே, அன்றைக்கு நான் தலைகுனிந்து நின்றேன். ஆட்டோ சைக்கிளின் பி-வி படம் போடத் தெரியும். நான்கு ஸ்ட்ரோக்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முன்னால் நிற்கிற வண்டியில் கை வைக்கத் தெரியவில்லை.

வண்டி இரவு ஷெட்டிலேயே நின்றது. மறுநாள் எலக்ட்ரிக்கல் படிக்கும் நண்பனையும் அவன் மல்டிமீட்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். பேட்டரியின் முனையில் 12.6 வோல்ட். நல்ல பேட்டரிதான். ஆனால் சாவியைப் போட்டுவிட்டு ஒயரின் முனையில் வைத்துப் பார்த்தால் வோல்ட் இறங்கியது. டெர்மினல் லூஸ்! மின்சாரம் சரியாகப் போகாததால் கம்ப்யூட்டர் குழம்பி விளக்கைப் போட்டிருக்கிறது. மாமா சிரித்துக்கொண்டே பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினார். வண்டி ஒரே சுவிட்சில் எழுந்தது. எல்லாப் பழுதும் இப்படி லேசாக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஒன்று புரிந்தது. நோயைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டியிருந்தது. குணப்படுத்தியது பழைய ஸ்பானர்தான்!

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பழைய ஹிமாலயனா, புதிய ஹிமாலயனா என்பது உண்மையான கேள்வியே அல்ல. வண்டி மாறுகிற வேகத்துக்கு ரோட்டோர மெக்கானிக்கின் அறிவும் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. நாற்பது குதிரை வந்துவிட்டது. குதிரைக்கு லாடம் அடிப்பவன் எங்கே? கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கிறதே என்பீர்கள். அம்பத்தூரில் இருக்கும், பூந்தமல்லியில் இருக்கும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ராத்திரி எட்டு மணிக்கு எது இருக்கும்? ஒரு பல்பும், ஒரு பஞ்சர் கடையும், எங்கள் மாமா மாதிரி ஒருவரும்தான் இருப்பார்கள். அவரிடம் டூலும் அறிவும் இல்லாமல் செய்துவிட்டு 'எங்கேயும் போகிற வண்டி' என்று விளம்பரம் செய்தால் அது பாதி உண்மைதான்.

வண்டி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதுக் குறியீடுகளையும் ஒயரிங் படத்தையும் சாதாரண மெக்கானிக்குக்கும் கிடைக்கும்படி, தமிழிலும் கொடுங்கள். டயருக்குக் காது கொடுத்த நீங்கள் இதற்கும் காது கொடுக்கலாமே!

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹிமாலயன் என்று இமயமலையின் பெயரை வைத்திருக்கிறார்களே தவிர, அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகள் இருப்பது நம் வானகரத்திலிருந்து இதே ரோட்டில் போய் ஸ்ரீபெரும்புதூரில் திரும்பினால் வருகிற வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும். நம்மில் பலர் நாளை அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏதோ ஒன்றில் நிற்கப் போகிறோம். சிலர் சொந்தமாக ஷெட் போடப் போகிறோம். அதற்கு முன்னால், நம் சங்கத்தின் சார்பில் மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஏரியா மெக்கானிக்குகளை ஒர்க் ஷாப்புக்கு அழைக்கலாமே! மீட்டர் பிடிக்க, சென்சார் பார்க்க நாம் சொல்லிக் கொடுப்போம். சத்தத்தை வைத்து நோய் சொல்லும் வித்தையை அவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பணம் அதிகம் வேண்டாம். கூச்சம் போனால் போதும். அவர்கள் நம்மைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள், நாமோ கிரீஸைப் பார்த்துக் கூச்சப்படுகிறோம்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். ஏடு தெரியாத கைக்கு இனிமேல் சுரைக்காயே கிடைக்காது!

அடுத்த முறை டீக்கடையில் அந்தப் பெரியவர் "நடு ரோட்ல நின்னுச்சுன்னா யாரு பாப்பா?" என்று கேட்டால், "நாங்க பாப்போம் ஐயா" என்று சொல்லத் தகுதி பெறுவோம்.

சிந்திப்போம்! கையில் ஸ்பானரும் எடுப்போம்!