மலையகப் பிள்ளைக்கு மரதன் மட்டும்தானா?

இரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர பக்கம் ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது என்ன நடக்கும் என்று எங்களில் பலருக்குத் தெரியும். கொஞ்சம் ஓடக்கூடிய பிள்ளை என்றால் உடனே 1500 மீற்றர், 5000 மீற்றர், மரதன். "மலை ஏறி இறங்குற புள்ளைங்க, மூச்சுப் புடிச்சு ஓடுவாங்க" என்று காரணமும் சொல்வார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்றைக் கவனியுங்கள்: எங்களுக்கு "இயல்பாக வரும்" என்று சொல்லப்படுகிற போட்டிகள் எல்லாமே செலவே இல்லாத போட்டிகள். சப்பாத்து இல்லாமலும் ஓடலாம் என்பதால் கொடுத்துவிட்டு, அதை எங்கள் இரத்தத்தில் இருக்கும் திறமை என்கிறார்கள்.

கோலூன்றிப் பாய்தல் என்று வாயைத் திறந்தால் பதில் தயாராக இருக்கும்: "அது யாழ்ப்பாணத்துப் புள்ளைங்கட விளையாட்டு." தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தார். சாவகச்சேரி இந்துவில் இருந்து வந்த அருந்தவராசா புவிதரன் 5 மீற்றரைத் தாண்டினார். உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணில் கோல் முளைப்பதில்லை. அங்கே கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, அண்ணன் அக்கா பாய்வதைப் பார்த்து அடுத்த பிள்ளை வந்தது. அதைப் பேசாமல் "வறுமையை வென்ற வீராங்கனை" என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தால் மாத்தளைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மேலெழுதல், மைதானத்துப் பேச்சில் சொன்னால் டேக் ஓஃப்.

இந்தப் போட்டியைக் கைப்பலம் என்றும் கோல் வளைவது என்றும்தான் பலர் நினைக்கிறார்கள். கோலில் தொங்குகிற பிள்ளையைப் பார்த்து "இழு, இழு" என்று கத்துவதும் அதனால்தான். அந்த நேரத்தில் இழுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடி வரும் ஒருவரின் வேகம் முழுவதும் உயரமாக மாறினால் கிட்டத்தட்ட 3.2 மீற்றர் கிடைக்கும். அதுவும் உடம்பின் நடுப்பகுதி ஏற்கெனவே இருக்கிற உயரத்துக்கு மேலே. அந்த வேகத்தில் எவ்வளவு கோலுக்குப் போகிறது, எவ்வளவு வீணாகிறது என்பது பாதம் நிலத்தை விடும் அந்தக் கணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வலக்கைக்காரர் இடக்காலால் எழுவார். அப்போது அந்தக் கால், கோலைப் பிடித்த மேல்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும், கை முழுதாக நீண்டிருக்க வேண்டும். கால் ஒரு பாதம் உள்ளே போனாலும் கோல் பெட்டியில் முட்டும்போது கை மடங்கியிருக்கும், உடம்பு வெட்டி இழுபடும், வேகம் செத்துப்போகும். தோளும் முதுகும் அடி வாங்குவது இப்படித்தான். அதனால் கடைசி மூன்று எட்டுக்குள் கோலை உயர்த்தத் தொடங்க வேண்டும், கடைசி எட்டைச் சுருக்கமாக, வேகமாக வைக்க வேண்டும், மேல்நோக்கித் துள்ள வேண்டும். கோல் வளைவது இதெல்லாம் சரியாக நடந்ததன் விளைவு. வளைப்பதற்காக யாரும் பாய்வதில்லை.

35 உலக சாதனைகள் படைத்த செர்கெய் புப்காவுக்கு விட்டாலி பெத்ரோவ் கற்றுக்கொடுத்ததன் அடிப்படையும் இதுதான்: கோல் பெட்டியில் இறுகுவதற்குச் சற்று முன்பே நிலத்தை விட்டு எழு. ஃபைபர் கிளாஸ் கோல் வருவதற்கு முன்பே, 1942இல், கோர்னேலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலோடு 4.77 மீற்றர் பாய்ந்தார். பெண்களுக்கு இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் கிடைத்ததே 2000இல்தான். ஒன்பது வருடத்தில், அதே பெத்ரோவிடம் பயின்ற இசின்பயேவா 5.06 மீற்றரைத் தாண்டினார். "இது உங்களுக்குச் சரிவராது" என்ற பேச்சின் ஆயுள் அவ்வளவுதான்.

சரி, "கோல் எங்கே, மெத்தை எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதில் பாதிக்கு இப்போதே பதில் இருக்கிறது. மேலெழுதலைக் கற்க 5 மீற்றர் கோல் தேவையில்லை. நீளம் பாய்தலுக்கான மணல்குழி, வெடிப்பில்லாத உறுதியான ஒரு நேர்கோல், ஆறு எட்டு வைக்கச் சமதரை, பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், இவ்வளவு போதும். கைக்கு எட்டும் உயரத்தில் பிடித்து, மணலில் ஊன்றி, முன்னால் போய்க் காலில் இறங்க வேண்டும். அதற்கு முன் நடந்தபடியே கோலை உயர்த்திப் பழகலாம். சரிவான தோட்டத்து மைதானத்திலும் இந்த அளவு இடம் கிடைக்கும்.

அதற்கு மேல் மணல் கூடாது. தலைகீழாக எழும்பும் கட்டத்துக்கு முறையான மெத்தையும் உடல் எடைக்கு ஏற்ற கோலும் கட்டாயம் வேண்டும். மணலில் விழுந்து எழும்பிப் பதக்கம் வாங்கிய கதை எங்களுக்கு வேண்டாம். முதுகெலும்பைப் பணயம் வைக்கச் சொல்லிவிட்டு அதை விடாமுயற்சி என்று யாரும் பாராட்டத் தேவையில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. மாவட்டத்தில் இருக்கிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மேலெழுதலைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று, தமிழிலும், இந்த வருடமே. தோட்டத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து சேரக்கூடிய இடத்தில், எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவாக ஒரு மெத்தை, ஒரு பெட்டி, எடைக்கு ஏற்ப சில கோல்கள். ஒவ்வொரு பாடசாலைக்கும் கேட்கவில்லை, மாவட்டத்துக்கு ஒன்று.

மரதன் ஓட விரும்புகிற பிள்ளை தாராளமாக ஓடட்டும். ஆனால் அது அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்த ஓட்டமாக இருக்கணும். வேறு எதையும் காட்டாமல் கையில் கொடுத்ததற்குப் பேர் இயல்பு இல்லை.